மாடிப்படியில் வழுக்கி விழுந்தார்

மண்ணீரல் என்று ஒன்று என் உடம்பில் இருந்தது, அதை வெட்டி எடுத்த பிறகுதான் எனக்குத் தெரியும். இடது பக்கம், விலா எலும்புகளுக்கு அடியில், ஒரு கைப்பிடி அளவுக்கு இருக்குமாம். பழைய இரத்தத்தைச் சலித்து எடுப்பதும், சில கிருமிகளோடு சண்டை போடுவதும் அதன் வேலை. முப்பத்தொன்பது வருஷம் எனக்காகச் சத்தமில்லாமல் உழைத்திருக்கிறது. அது இல்லாமலும் வாழலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள், வாழ்ந்துகொண்டும் இருக்கிறேன். கிழிந்த மண்ணீரலோடு இரண்டு நாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த நாட்களைப் பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். எல்லோரிடமும் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது மீதியையும் எழுதிவிடுகிறேன்.

அப்போது தொண்ணூறுகளின் கடைசி. எண்ணூரில் ஒரு தனியார் ஆலைக்காகப் பெரிய சேமிப்புக் கிடங்கு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தோம். அந்தக் கட்டுமானக் கம்பெனியில் நான் பாதுகாப்பு அதிகாரி. தொழிலாளர்கள் என்னை ‘சேப்டி சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெபராஜ் என்ற பெயர் சம்பளக் கவரில் மட்டும் இருந்தது. ஹெல்மெட் போடு, பெல்ட்டை மாட்டு, சாரத்துப் பலகையைக் கம்பியால் கட்டு என்று காலை எட்டு மணியிலிருந்து கத்துவது என் தொழில். கோபக்காரன் என்று பெயர். என் குரல் திருச்செந்தூரில் பிறந்த குரல், அலைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும் என்று என் மனைவி பியூலா சொல்லுவாள்.

கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு பெரிய பச்சைப் பலகை நிற்கும். ‘விபத்தில்லா நாட்கள்’ என்று மேலே எழுதி, கீழே மூன்று கொக்கிகள். எண் எழுதிய தகரத் தகடுகளைத் தினமும் காலையில் அவற்றில் மாற்றி மாட்ட வேண்டும். ஐந்நூறு நாள் ஆனால் ஆலைக்காரர்கள் விழா எடுத்து, எங்கள் கம்பெனிக்கு ஒரு கேடயமும், தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் எவர்சில்வர் டிபன் கேரியரும் தருவதாக ஏற்பாடு.

அந்த எண் எப்படி ஏறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடிபட்ட ஆள் மறுநாள் வேலைக்கு வராவிட்டால்தான் அது விபத்து. பலகை பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். வந்துவிட்டால் அது வெறும் முதலுதவி. ஆகவே அடிபட்ட ஆளை மறுநாள் காலை ஜீப் அனுப்பி அழைத்து வருவோம். முதலுதவி அறை வாசலில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தால் போதும், வருகை பதிவாகும், கூலியும் உண்டு. இதற்கு ‘சேர் டூட்டி’ என்று பெயர். உட்காரவும் முடியாத அடி என்றால், பதிவேட்டில் ‘வீட்டில் விழுந்தார்’ என்று எழுதிவிடுவோம். எழுதிவிடுவோம் என்ன, நான்தான் எழுதுவேன். அந்தப் பதிவேடு முழுக்க என் கையெழுத்து.

கன்னியப்பன் எங்களிடம் சாரம் கட்டுகிறவர். வியாசர்பாடிக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் தெரு டீமுக்குக் கோல்கீப்பராக நிற்பவர். அந்தப் பழக்கத்தில், கீழே இருந்து வீசுகிற இரும்புக் கிளாம்பைச் சாரத்தின் மேல் நின்றபடி ஒற்றைக் கையால் பிடிப்பார். பார்க்க அழகாக இருக்கும், நான் திட்டுவேன். என் விபத்துக்கு ஒரு வருஷம் முன்னால் ஒருநாள், காலடிக் குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப் நழுவி, அந்தக் குழாயோடு கீழே வந்தார். இடது முழங்கால் திருகிக்கொண்டது. திருவொற்றியூரில் எங்கள் கம்பெனிக்கு வாடிக்கையான ஒரு நர்சிங் ஹோமில் துணிக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மறுநாளிலிருந்து பன்னிரண்டு நாள் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். அவருடைய தெருமுனை வரை ஜீப் போகும். இரண்டு பேர் தோளில் தாங்கிக் கொண்டுவந்து ஏற்றுவார்கள். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. பதின்மூன்றாம் நாள் அவர் வரவில்லை. நான் பதிவேட்டைத் திறந்து, ‘வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். இடது முழங்காலில் அடி’ என்று எழுதினேன். தேதியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார். முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்துக் கட்டியிருக்கும் நார் ஒன்று கிழிந்திருந்தது. ஆபரேஷன் செய்தால்தான் சரியாகும். வேலையில் அடிபட்டது என்றால் கம்பெனி செய்ய வேண்டும். வீட்டில் விழுந்தது என்றால் அவர் பாடு. சாரம் ஏற இனி முடியாது. என் மனசாட்சிக்கும் ஏதாவது போட வேண்டுமே என்று, மேனேஜரிடம் சொல்லி அவருக்கு இலகுவான வேலை ஒன்று பிடித்துக் கொடுத்தேன். ஸ்டோரில் எடுபிடி, அதோடு, தினமும் காலையில் பச்சைப் பலகையில் எண் மாற்றுவது. பெரிய உபகாரம் செய்துவிட்டதாக அன்று நினைத்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஆலைக்காரர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று ஒரு திங்கட்கிழமை நானே சாரத்தைச் சோதிக்க ஏறினேன். முதல் தட்டுதான், ஓர் ஆள் உயரம். பெல்ட் இடுப்பில் இருந்தது. அதன் கொக்கியை எதிலும் மாட்டவில்லை. இந்த உயரத்துக்கா என்று ஓர் அலட்சியம். பலகையையும் யாரும் கட்டியிருக்கவில்லை. ஓரத்தில் கால் வைத்ததும் மறுமுனை தூக்கிக்கொண்டது. குறுக்கே போன குழாயில் இடது விலா மோதி, அதன் மேல் ஒரு நொடி தொங்கி, மணலில் விழுந்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

பார்த்தது ஸ்டோர் வாசலில் நின்ற கன்னியப்பன் ஒருவர்தான். நொண்டியபடியே ஓடிவந்து தூக்கினார்.

“இன்னா சார், மூஞ்சி இப்டி வெளுத்துப் பூட்ச்சு! ஆஸ்பத்திரிக்குப் போய்க்கலாம் சார்.”

“ஒண்ணுமில்ல, மூச்சு பிடிச்சிருக்கு. யாருகிட்டயும் சொல்லாத. இன்னிக்கு நம்பர் என்ன?”

“நானூத்திப் பன்னெண்டு.”

“அப்புறம் என்ன? அதக் கெடுக்கச் சொல்லுதியா?”

அவர் போய் அந்தச் சிவப்பு நாற்காலியை இழுத்துவந்து போட்டார்.

“ஒக்காரு சார்.”

குத்திக்காட்டினாரா என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது. அடிபட்டவனுக்கு எங்கள் இடத்தில் இருந்தது அந்த ஒரு நாற்காலிதான்.

வீட்டுக்குப் போய் பியூலாவிடம் வாய்வுப் பிடிப்பு என்றேன். அவள் ஓமத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். மறுநாள் இடது தோள்பட்டை நுனியில் வலி வந்தது. தோளில் அடியே படவில்லை. இது எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. பின்னால் டாக்டர் விளக்கினார். மண்ணீரலைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. உள்ளே கிழிந்தாலும் அந்த உறை சில நாள் இரத்தத்தை அடக்கி வைத்திருக்கும். அதையும் மீறிக் கசிகிற இரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையை உறுத்தும். அந்தத் தசையின் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து வருவதால், வயிற்றுக்குள் நடப்பதை மூளை தோளில் காட்டுமாம். உடம்பு இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை முழுவதும் நான் நாற்காலியில் உட்கார்ந்து தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை, ஹெல்மெட் இல்லாமல் போன ஒருவரைத் திட்டுவதற்காக எழுந்தேன். திட்டு வாயிலிருந்து வருவதற்குள் கண் இருட்டிவிட்டது. உறை அப்போதுதான் வெடித்திருக்க வேண்டும்.

ஜீப்பில் ஏற்றும்போது மேனேஜர் டிரைவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “நம்ம நர்சிங் ஹோமுக்கே போங்க. கேட்டா, காலைல வீட்டு பாத்ரூம்ல விழுந்துட்டார்னு சொல்லுங்க.” யாரும் கூப்பிடாமல் கன்னியப்பன் பின்னால் ஏறி, என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நர்சிங் ஹோமில் இரத்த அழுத்தம் பார்த்த உடனேயே, இங்கே ஆகாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று திருப்பிவிட்டார்கள். சாலை முழுக்க துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள், ஒன்றின் வாலில் ஒன்று. கன்னியப்பன் ஜீப்புக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டுக் கத்திக்கொண்டே வந்தார்.

“வயி வுடு மாமு! ஆளு பூடுவாரு! வயி வுடு!”

நான்தான் ஆள் என்பதும், போகப்போகிறவன் நான்தான் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. பயமாக இருந்தது. நாலாம் வகுப்புப் படிக்கிற என் மகளின் முகத்தை நினைக்கப் பார்த்தேன், வரவில்லை.

அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஓர் இளம் பெண் டாக்டர் இருந்தார். “எங்க விழுந்தீங்க? எப்ப?” என்று கேட்டார். டிரைவர் ஒப்பித்தார்: காலை, வீடு, பாத்ரூம். டாக்டர் என் கன்னத்தைத் தட்டி என்னையும் கேட்டார்.

“பாத்ரூம்” என்றேன்.

இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மயக்கத்தில் உளறியதல்ல. சாகக் கிடந்தபோதும் பலகையில் தொங்கிய எண்ணைத்தான் காப்பாற்றினேன்.

டாக்டர் என் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். “இது கன்னிப்போய்க் கறுத்திருக்கு. காலைல விழுந்தா இதுக்குள்ள இப்படி ஆகாதே?”

“அவுரு பொய் சொல்றாரு டாக்டரம்மா” என்றார் கன்னியப்பன். “திங்கக்கெயம வுயுந்தாரு. சைட்ல. இரும்புக் கொயா மேல. தோ, இந்த எடத்துல பட்ச்சு. நான் பாத்தேன்.”

“டேய், வேல பூடும்டா ஒனக்கு” என்றார் டிரைவர்.

“பூட்டும் போ. ஆளே பூட்டாருன்னா இன்னா பண்ணுவ?”

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தோள் வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார், தலையசைத்தேன். ஒரு நீளமான ஊசியை என் வயிற்றில் குத்தி இழுத்தார். கறுஞ்சிவப்பாக இரத்தம் வந்தது. அதை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு ஆட்டி ஆட்டிப் பார்த்தார். இரத்தக் குழாயிலிருந்து எடுத்த இரத்தம் என்றால் சற்று நேரத்தில் உறைந்துவிடும். வயிற்றுக்குள் கொட்டிக் கிடந்த இரத்தம் உறையாது. என்னுடையது உறையவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அடிபட்டு வருகிறவர் எங்கே, எப்படி அடிபட்டார், அதைச் சொன்னவர் யார் என்று அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பதிவேட்டில் எழுதுவார்கள். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் அதுதான் ஆதாரம். ஏ.ஆர். காப்பி என்று சொல்வார்கள். அந்த டாக்டர் அதில், வேலை செய்யும் இடத்தில் இரும்புக் குழாய் மேல் விழுந்ததாக உடன் வேலை செய்பவர் சொன்னார் என்று கன்னியப்பன் பெயரோடு எழுதியிருந்தார். என் கையால் எழுதப்படாத முதல் விபத்துப் பதிவு அது.

எனக்கு இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். எந்த இரத்த வகையாக இருந்தாலும் சரி, எடுத்த அளவுக்கு இரத்த வங்கிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்றை டிரைவர் கொடுத்தார், இன்னொன்றைக் கன்னியப்பன்.

கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், வயிற்றின் ஓரத்தில் ஒன்று, சிறுநீருக்கு ஒன்று. மூக்கு வழியாக இரைப்பையைக் காலியாக வைத்திருந்தார்கள். தண்ணீர் கேட்டுக் கெஞ்சினேன். பியூலா ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைக்க மட்டும்தான் அனுமதி. நான் பஞ்சைக் கடித்து உறிஞ்சப் பார்த்தேன். அவள் வெடுக்கென்று பிடுங்கினாள். “சின்னப்புள்ளயா நீங்க?” என்றாள், அழுதுகொண்டே. இருமல் வந்தால் தையல் பிரிந்துவிடுவதுபோல வலிக்கும். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுத்தார் நர்ஸ்.

குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கினால்தான் வாயில் ஏதாவது கொடுப்பார்கள். அதற்கு அடையாளம் காற்றுப் பிரிவது. தினமும் காலையில் ஐந்தாறு டாக்டர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, “காத்து போச்சா?” என்று கேட்பார்கள். ஊரையே அதட்டிய சேப்டி சார், வெட்கத்தோடு இல்லை என்று தலையை ஆட்டுவேன். மூன்றாம் நாள் அது நடந்தபோது பியூலா வார்டு முழுக்கக் கேட்கும்படி “ஆண்டவரே ஸ்தோத்திரம்” என்றாள். பக்கத்துக் கட்டில்காரருக்குச் சிரித்துச் சிரித்துக் குடலிறக்கத் தையல் வலித்ததாம்.

மண்ணீரல் போனவர்களுக்குச் சில கிருமிகள் எமன். அதற்குத் தடுப்பூசி போட வேண்டும், வெளியே வாங்கி வாருங்கள், குளிர்ச்சியாக வர வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். விலையைக் கேட்டுவிட்டு நான் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ராயபுரத்தில் பருப்பு மொத்தக் கடை வைத்திருக்கும் என் மைத்துனர் சீட்டை வாங்கிக்கொண்டு போய், காசிமேட்டு மீன் ஐஸ் நிரப்பிய ஒரு பால் தூக்கில் ஊசியை வைத்துக் கொண்டுவந்தார். மருந்தைவிட வாளை மீன் வாசம் தூக்கலாக இருந்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார். இனிமேல் லேசாகக் காய்ச்சல் வந்தாலும் ஓடிவர வேண்டும், கஷாயம் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது என்றார்.

எங்கள் வீடு இருந்த திருவொற்றியூரிலிருந்து சமைத்துக் கொண்டுவர பியூலாவால் முடியவில்லை. நாலாம் நாள் காலையில் ஒரு பெண், தூக்குவாளியில் அரிசிக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். கன்னியப்பனின் மனைவி மல்லிகா. “வியாசர்பாடி கிட்டத்துல தானேக்கா. நான் எட்த்தாறேன்” என்று பியூலாவிடம் சொன்னாள். தண்ணீராகக் கரைத்து, உப்பு அளவாகப் போட்ட கஞ்சி. நாலு நாள் பட்டினிக்கு அது அமிர்தம். அன்றிலிருந்து தினமும் கொண்டுவந்தாள். அவள் என் முகத்தை மட்டும் பார்ப்பதே இல்லை. வெட்கப்படுகிறாள் என்று பியூலா நினைத்தாள். எனக்குத் தெரியும், அது வெட்கமில்லை.

ஆறாம் நாள் மேனேஜர் ஆப்பிளோடு வந்தார். உடம்பு விசாரித்துவிட்டு, டைப் அடித்த கடிதம் ஒன்றை எடுத்தார். நான் என் வீட்டில்தான் விழுந்தேன், உடன் வந்த தொழிலாளி தவறுதலாகச் சொல்லிவிட்டார் என்று இருந்தது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

“மருந்துச் செலவு மொத்தமும் கம்பெனி பாத்துக்கும் ஜெபராஜ். லீவுக்குச் சம்பளம் உண்டு. அடுத்த சைட்ல நீங்கதான் சேப்டி மேனேஜர்.”

“கன்னியப்பன்?”

“நிறுத்தியாச்சு. போற போக்குல என்ன பண்ணிட்டுப் போனான் தெரியுமா? போர்டுல மூணு பூஜ்ஜியம் மாட்டிட்டான். நம்மகிட்ட பூஜ்ஜியத் தகடு ரெண்டுதான இருக்கு? மூணாவதுக்கு பெயின்ட் டப்பா மூடி! நம்ம ஆளுங்களே அவன அடிக்கப் போனாங்க, கேரியர் போயிடுமேன்னு. மத்தியானமே எடுத்துட்டோம். இன்னிக்கு நானூத்திப் பத்தொம்பது.”

என் மண்ணீரல் வாளியில் போய் ஆறு நாள் ஆகியிருந்தது. எண் ஏறிக்கொண்டே இருந்தது.

நான் மாட்டேன் என்று சொன்னேனா? இல்லை. “கை நடுங்குது சார், ரெண்டு நாள் போகட்டும்” என்றேன். கடிதத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தேன். கையெழுத்துப் போட்டால் என் வேலை நிற்கும்; கன்னியப்பன் பொய் சொன்னவராகிப் போவார், அவருடைய முழங்காலும் என்றைக்கும் வீட்டில் விழுந்த முழங்கால்தான். தெரிந்தே இரண்டு நாள் அந்தக் கடிதத்தின் மேல் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, மல்லிகாவின் கஞ்சியைக் குடித்தேன். இந்தப் பாதியைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் விழுந்தது சைட்டில் என்று பியூலாவுக்குத் தெரியும், நாற்காலிக் கதை தெரியாது. “போட்டுருங்க” என்றாள். “வேல போனா எங்க போய் நிப்போம்? எங்க அண்ணன் கடையில பருப்பு நிறுத்துப் போடுவீங்களா?”

எட்டாம் நாள், மல்லிகா தூக்குவாளியைத் திருப்பி வாங்க நின்றபோது பியூலா பேச்சுவாக்கில் கேட்டாள். “உங்க வீட்டுக்காரரு கால் ஏன் அப்படி இருக்கு? பிறவியிலயா?”

மல்லிகா முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“சார் கைல கேளுக்கா” என்றாள். வாளியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சொன்னேன். குழாயோடு விழுந்தது, பன்னிரண்டு நாள் நாற்காலி, வீங்கிய முழங்கால், பதிவேட்டில் எழுதிய வரி, எண் மாட்டுகிற வேலை, எல்லாம். பியூலா கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பன்னெண்டு நாளா?”

“ஆமா.”

“வீங்குன காலோட?”

“ஆமா.”

“அந்தப் பிள்ள அஞ்சு நாளா கஞ்சி கொண்டாருது. ஒரு வார்த்த சொல்லலியே” என்றாள். பிறகு தலையணைக்கு அடியில் கையை விட்டுக் கடிதத்தை உருவி, வெற்றாக இருந்த பின்பக்கத்தைத் திருப்பி, என் மடியில் வைத்தாள். “இதுலயே எழுதுங்க. பேனா நர்சம்மாகிட்ட வாங்கிட்டு வாரேன்.”

எழுதினேன். நான் விழுந்ததை நாலு வரியில் முடித்தேன். கன்னியப்பன் விழுந்ததை எழுத ஒரு மணி நேரம் ஆனது. ‘வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்தார் என்று நான் எழுதியது பொய்’ என்று எழுதும்போது, ஆபரேஷன் தையலைச் சுற்றி வேர்த்தது.

மறுநாள் கன்னியப்பன் வந்தபோது கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியும்; நின்றபடியே மெதுவாகப் படித்தார். “என்ன மன்னிச்சிரு கன்னியப்பா” என்றேன். அழுகை வந்துவிட்டது.

“உனுக்கு வலிச்சாதான் தெர்தா சார்?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “தெனமும் காலீல அந்த நம்பர மாட்டசொல்லோ எனுக்கு இன்னா தோணும் தெர்மா? இது என் காலு மேல ஏறிகினு போற நம்பருன்னு தோணும். வூட்ல வந்து சொன்னா, கூலி வருதுல்ல, கம்முனு கெடன்னுவா மல்லிகா.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “இத்த எங்க குட்க்கணும்?” என்று மட்டும் கேட்டார்.

பதினோராம் நாள் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வாரமே வேலை போனது. பியூலா பயந்தபடியே ராயபுரத்தில் மைத்துனர் கடையில் பருப்பு நிறுத்துப் போட்டேன். கன்னியப்பன் தொழிலாளர் அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனுப் போட்டார். காலக்கெடு முடிய இன்னும் சில மாதம் இருந்தது. சாட்சி நான்.

விசாரணை அன்று காலை அவரை ஆட்டோவில் அழைத்துப் போக வியாசர்பாடிக்குப் போனேன். தெருமுனையில் ஆட்டோ நின்றது. ஜீப்பும் அந்த இடத்தில்தான் நிற்கும். அதைத் தாண்டி நான் ஒருநாளும் உள்ளே போனதில்லை. அன்றுதான் முதல் தடவையாக நடந்தேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் பின்னால் ஒரு சந்து. கடைசி வீடு. மல்லிகா வாசலில் நின்று, “குன்ஞ்சி வா சார், தல இடிக்கும்” என்றாள். குனிந்து உள்ளே போய் நிமிர்ந்தேன். அங்கே நான் பார்த்ததைப் பற்றி அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. மல்லிகா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, கன்னியப்பனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அலுவலகத்தில் கம்பெனி வக்கீல் என் பதிவேட்டையும், என் கடிதத்தையும் அதிகாரியின் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“ரெண்டும் இவர் கையெழுத்துதான் ஐயா. அது வேலையில இருக்கும்போது எழுதுனது. இது வேலை போகப் போகுதுங்கற கோபத்துல எழுதுனது. எத நம்புறது?”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “நியாயமான கேள்வி. நீங்க ஒரு தடவ பொய் எழுதினவர். இப்ப எழுதினது உண்மைன்னு நான் எப்படி எடுத்துக்கறது?”

நான் எழுந்து நின்றேன். தழும்பு இழுத்தது.

“ஆள் அனுப்பிப் பாருங்க ஐயா. அவர் வீட்டுல மாடிப்படி கிடையாது.”

அதிகாரி கன்னியப்பன் பக்கம் திரும்பினார். “உங்க வீட்டுக்கு மாடி இல்லையா?”

“ஒரே ரூமு, மேல சிமிட்டி ஷீட்டு சார். அதுக்கு மேல காக்காதான் கீது.”

அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வக்கீல்கூடச் சிரித்தார். அதிகாரி பதிவேட்டை இன்னொரு தடவை படித்துவிட்டு என்னைக் கேட்டார். “அப்ப இந்த மாடி எங்கேருந்து வந்தது?”

“நான்தான் ஐயா கட்டுனேன்” என்றேன். “வியாசர்பாடின்னா அடுக்குமாடியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். பன்னெண்டு நாள் ஜீப் அனுப்பினேன். வீட்டப் போய்ப் பாக்கல.”